இடது காலுக்கு வேலை இல்லை

பிப்ரவரி 3

அண்ணனுக்கு,

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் உன் நம்பரைப் பூட்டி வைத்திருக்கிறேன். அண்ணி நம்பரையும்தான். அண்ணி போனைப் பிடுங்கி நீதான் பேசுவாய் என்று எனக்குத் தெரியாதா? கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு படித்தாக வேண்டும்.

சனிக்கிழமை ஷோரூமில் நீ சொன்னதை எழுதிக் காட்டுகிறேன், மறந்திருப்பாய். "நொண்டிங்க ஓட்டுற வண்டியப் போய் வாங்கிட்டு நிக்கிறா பாரு." விற்பனைக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள், உன் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர் இருந்தார், காபித் தட்டோடு ஒரு அம்மா நின்றிருந்தார். அத்தனை பேரும் திரும்பி என் இடது முழங்காலைப் பார்த்தார்கள். நீ மட்டும்தான் பார்க்கவில்லை. சாவியை மேஜையில் வீசிவிட்டுப் போய்விட்டாய்.

சரி, வண்டியையே பேசுவோம். உனக்கு அதுதானே பாஷை.

மூன்று பிக்கப்பை ஓட்டிப் பார்த்தேன். முதலாவது பெட்ரோல் டர்போ, கிளட்ச் மிதியே இல்லாத ஆட்டோ கியர். காலியாக ஓட்டும்போது சிட்டாய்ப் பறந்தது. பின்னால் எண்ணூறு கிலோ கண்ணாடி ஏற்றியதும் ஒவ்வொரு மேட்டிலும் எஞ்சின் கத்த ஆரம்பித்துவிட்டது, டேங்க் முள்ளும் கண்ணுக்கு முன்னாலேயே இறங்கியது. இரண்டாவது, நீ சொன்ன டீசல், கிளட்ச் வண்டி. நல்ல எஞ்சின்தான், இல்லை என்று சொல்லவில்லை. மூன்றாவது கொஞ்சம் பெரிய டீசல், ஆறு கியர், எல்லாம் ஆட்டோ. எஞ்சின் நிமிஷத்துக்கு ஆயிரத்து அறுநூறு சுற்று சுற்றும்போதே முழு இழுவையும் கிடைக்கிறது. எஞ்சின் அதட்டாமல் இழுக்கிறது.

நான் ஓட்டுவது பந்தயத்தில் இல்லை அண்ணா. சாய்வுச் சட்டத்தில் ஆளுயரக் கண்ணாடிகளை நிறுத்தி, பெல்ட் போட்டு, ஒரு நாளைக்குப் பதினாலு இடத்தில் இறக்குகிறேன். கியர் மாற்றும்போது வருகிற அந்த ஒரு குலுக்கல்தான் எனக்கு எதிரி. அதனால் டாஷ்போர்டில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்து, நான் லோடு எடுக்கும் கண்ணாடிக் குடோனிலிருந்து கடைவீதி வரைக்கும் ஓட்டினேன். கிளட்ச் வண்டியில் பாதி டம்ளர் என் மடியில். மூன்றாவது வண்டியில் ஒரு ஸ்பூன் அளவு சிந்தியது. நான் நன்றாக ஓட்டுவேன் என்று உனக்கே தெரியும். அப்படியும் பாதி டம்ளர்.

பழைய வண்டியில் "லோடு இழுக்கணும்ல" என்று லாரி கிளட்ச் செட்டைப் பொருத்திக் கொடுத்தாயே, அதை ஒரு நாள் எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு மிதி. பதினோரு வருஷம். எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒரு முட்டிக்கு மட்டும் எழுபது வயசு ஆயிருக்கு?" என்று கேட்டார். இதை உனக்கு ஆறு மாதம் முன்பே சொன்னேன். நீ வண்டியின் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டாய்.

வாங்கியாயிற்று. திருப்பிக் கொடுக்க மாட்டேன். ஓட்டத்தான் போகிறேன்.

குண்டூசி

பிப்ரவரி 9

குண்டூசிக்கு,

பேர் வைத்ததே நான். குத்துவதற்கு என்னிடமே வருகிறாய்.

வாயை மூடிக்கொண்டுதான் படித்தேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தாள். இப்போது நீ மூடு.

இருபத்தாறு வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேன். என் ஒர்க்ஷாப் வாசலில் பலகை தொங்குகிறதே, "ஆட்டோ கியர் வண்டிகள் எடுப்பதில்லை" என்று, அதை வெட்டிப் பந்தாவுக்கா மாட்டினேன்? கிளட்ச் வண்டியில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பிளேட்டும் பல்லும் இருக்கிறது. கையால் தொட்டுப் பார்க்கலாம். தேய்ந்தால் மத்தியானம் கழற்றி சாயங்காலம் மாட்டிக் கொடுத்துவிடுவேன். உன் வண்டியில் நடுவில் இருப்பது எண்ணெய். எண்ணெய் சுழன்று சக்கரத்தைத் திருப்புகிறதாம்! சூடானால் அவ்வளவுதான், பெட்டியோடு கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திரு.

இன்னொன்று. மேட்டில் ஏறும்போது எந்த கியர் வேண்டும் என்று தெரிய வேண்டியவள் நீ. அதுவோ இரண்டா மூன்றா என்று நடுவழியில் நின்று யோசிக்கும். இறக்கத்தில் கேட்கவே வேண்டாம். கியரில் பிடித்து இறக்கத் தெரியாத வண்டி பிரேக்கைத் தின்றுவிடும். கண்ணாடி உடையாமல் இருக்கும், நீ பள்ளத்தில் கிடப்பாய்.

டம்ளர் சோதனையாம். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கிளட்ச் வண்டியிலும் சிந்தியிருக்காது.

ஷோரூமில் நான் சொன்னது வண்டியை. உன்னை இல்லை.

அண்ணன்

மார்ச் 2

அண்ணனுக்கு,

நான் லோடுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்துவிட்டுப் போயிருக்கிறாய். புதுவண்டியின் சாய்வுச் சட்டத்தில் பெயின்ட் காயவில்லை என்று அன்றைக்கு ஒரு நாள் மட்டும் பழைய வண்டியில் டிரைவரைப் போட்டுப் போனதால் அது ஷெட்டில் நின்றிருந்தது. உன் மாப்பிள்ளை கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டு வருவதற்குள் நீ அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டாயாம். "சாப்புடுங்க மச்சான்னு நாலு தடவ கூப்ட்டேன், கால் மட்டும்தான் தெரிஞ்சுது," என்றார்.

அது உன் வழக்கம்தானே. எந்த உறவு வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டு வண்டிக்கு அடியில் படுத்து எல்லா எண்ணெயையும் பார்த்து ஊற்றிவிட்டுத்தான் இலைக்கு முன்னால் உட்காருவாய். சின்ன மாமா வீட்டில் சாவு விழுந்த அன்றைக்கே அவர் ஸ்கூட்டருக்கு எண்ணெய் மாற்றியவன் நீ. பிடிக்காத வண்டிக்கும் செய்திருக்கிறாயே என்று கொஞ்சம் இளகிவிட்டேன். கொஞ்சம்தான். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு மாதக் கதையைச் சொல்கிறேன். நீ சொன்னதில் ஒன்று சரி. வளைந்து வளைந்து ஏறும் இடத்தில் இரண்டா மூன்றா என்று அது தடுமாறுகிறது. அதற்குத்தான் லீவரைப் பக்கவாட்டில் தள்ளி இரண்டிலேயே நிறுத்திவிடுகிறேன். இறக்கத்திலும் அதே இரண்டு, எஞ்சினே பிடித்துக்கொள்கிறது. பிரேக் சூடாகவில்லை, தொட்டே பார்த்தேன். லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் கிளட்ச் வண்டியைவிடக் குறைவாகத்தான் தருகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொள்ளாமல் இறங்குகிறேன்.

குடோன் மேனேஜர் மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரி வேலையை எனக்கே கொடுத்திருக்கிறார். புதுக் கட்டடத்துக்கு ஜன்னல் கண்ணாடி முழுக்க நான்தான் ஏற்றப் போகிறேன். பன்னிரண்டு நடை. இது நடந்தால் வருஷம் முழுக்க அவர்கள் லோடு எனக்குத்தான்.

குண்டூசி

மார்ச் 8

அண்ணா,

நின்றுவிட்டது.

முதல் நடை. அடிவாரம் தாண்டி நாலாவது வளைவு. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. லீவரை எங்கே தள்ளினாலும் வழுக்கிக்கொண்டே போகிறது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு. அடியிலிருந்து தீய்ந்த வாடை. பின்னால் ஆயிரம் கிலோ கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு பஸ், ஹார்ன் மேல் ஹார்ன். கை பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பஸ் கண்டக்டர் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அதைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொள்கிறேன்.

வேறு லாரி பிடித்து ஏற்றி அனுப்ப மத்தியானம் ஆகிவிட்டது. மேனேஜர் என்னைக் குடோன் முற்றத்திலேயே நிறுத்தி, லோடு ஆட்கள் பத்துப் பேர் முன்னால் சொன்னார். "ஆட்டோ கியர் இந்த வேலைக்கு ஆகாதும்மா. கிளட்ச் வண்டியா எடுத்துட்டு வாங்க, இல்லாட்டி ஒரு டிரைவரப் போட்டுட்டு நீங்க கடையில உக்காருங்க. இருபத்தஞ்சாம் தேதி அடுத்த லோடு. அதுக்குள்ள சொல்லிடுங்க."

கடையில் உட்காரச் சொல்கிறார். எனக்கு நாற்பத்தொரு வயது. பத்தொன்பது வயதிலிருந்து ஸ்டியரிங் பிடித்திருக்கிறேன். கிளட்ச் வண்டியை என்னால் ஒரு நாள் ஓட்ட முடியும், மறுநாள் முடியாது. டிரைவரைப் போட்டுவிட்டால் அப்புறம் என்றைக்குமே நான் ஏறப் போவதில்லை, அது எனக்கே தெரியும்.

வண்டியைக் கம்பெனி சர்வீஸுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சிரிக்க வேண்டும் என்றால் இப்போதே சிரித்துக்கொள்.

குண்டூசி

மார்ச் 12

குண்டூசிக்கு,

சிரிக்கவில்லை. ஆனால் சொன்னேனா இல்லையா?

எண்ணெயை நம்பி மலையேறினால் இதுதான். வளைவில் நின்றது உன் அதிர்ஷ்டம், இறக்கமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி இரண்டு வேளை சாப்பிடவில்லை.

வீம்பை விடு. பெட்டி சரியானதும் அந்த வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடு. என்னிடம் ஒரு டீசல் கிளட்ச் வண்டி வந்திருக்கிறது, ஒரே ஆள் ஓட்டியது. ஸ்பிரிங் மாற்றி மிதியை லேசாக்கித் தருகிறேன். டிரைவரும் நானே பார்த்து அனுப்புகிறேன், நல்ல மனுஷன். உனக்கும் கொஞ்சம் ஓய்வு.

தீய்ந்த வாடை என்று எழுதியிருக்கிறாய். எண்ணெய் நுரைத்திருந்ததா? கம்பெனிக்காரன் என்ன சொன்னான் என்று எழுது.

அண்ணன்

மார்ச் 16

அண்ணனுக்கு,

இதை எழுதி மேஜை டிராயரில் வைக்கப் போகிறேன். இன்றைக்கு அனுப்ப மாட்டேன்.

சர்வீஸில் பெட்டியைத் திறந்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். ஆட்டோ கியருக்குள் இருக்க வேண்டியது தண்ணீர்போல லேசான சிவப்பு எண்ணெய். வந்தது கெட்டியாக, காப்பிக் கலரில், சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. அளவைவிட ஒன்றரை லிட்டர் அதிகம். அங்கே இருந்த மெக்கானிக் முகர்ந்து பார்த்துவிட்டு, "கிளட்ச் வண்டி கியர் ஆயில ஊத்தியிருக்காங்கம்மா. அதுவும் ஓட்டை வழியற வரைக்கும். யாரு இதுல கை வச்சது?" என்றார்.

வழிகிற வரைக்கும் ஊற்றுவது யார் என்று எனக்குத் தெரியாதா? பதினைந்து வயதிலேயே உனக்கு டார்ச் பிடித்தவள் நான். "ஓட்டையில வழிஞ்சா அளவு சரின்னு அர்த்தம்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

"தெரியலைங்க" என்றேன். உன் மாப்பிள்ளையிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் அவர் பஸ் ஏறி வந்து உன்னிடம் சண்டை போடுவார்.

பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தில் எண்ணெய் நுரைத்ததா என்று கேட்டிருக்கிறாய். அந்த ஒரு வரியை ஐந்து தடவை படித்தேன். உனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வந்தும், வண்டியை விற்றுவிடு என்கிறாய். டிரைவரைப் போடு என்கிறாய். உன் கை செய்த தப்பை என் வண்டி மேல் போட்டு, என்னைக் கடையில் உட்கார வைக்கப் பார்க்கிறாய். அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்பேன். நீயாக எழுதினால் சரி. இல்லாவிட்டால் இந்தக் கடிதம்தான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

குண்டூசி

மார்ச் 16

குண்டூசிக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு.

அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்த நேரத்திலிருந்து அந்த எண்ணெயையே நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் உன் வண்டி மாடலைச் சொல்லி, கியர் எண்ணெய் காட்டச் சொன்னேன். கடைக்காரர் சிவப்பு எண்ணெய் டப்பாவை எடுத்து வைத்தார். "அளவு எப்படிப் பாக்குறது?" என்றேன். "என்ன மாஸ்டர், நீங்களா கேக்குறீங்க? எஞ்சின் ஓடும்போது, சூடு ஏறினப்புறம், அடியில இருக்கற தனி மூடியில பாக்கணும். மேல இருக்கறது ஊத்துற ஓட்டை மட்டும்தான்," என்றார். என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

அன்றைக்கு மேல் மூடியைத் திறந்து விரலை விட்டேன். அளவு கீழே இருந்தது. "புது வண்டியில எண்ணெய் குறைச்சு அனுப்பியிருக்கானுங்க, திருட்டுப் பசங்க" என்று நினைத்தேன். விரலில் சிவப்பு ஒட்டியிருந்தது. பார்த்தேன் குண்டூசி. பார்த்துவிட்டு, துணியில் துடைத்துவிட்டு, என் கேனில் இருந்ததை வழிகிற வரைக்கும் ஊற்றினேன். கேட்டிருக்கலாம். வண்டியோடு வந்த புத்தகம் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இருபத்தாறு வருஷமாக நான் எந்தப் புத்தகத்தையும் திறந்ததில்லை, அது ஒரு கௌரவம் எனக்கு.

உன்னை மலையில் நிறுத்தியது வண்டி இல்லை. நான்தான். பின்னால் ஆயிரம் கிலோவோடு.

கம்பெனியில் யாராவது கண்டுபிடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்காவிட்டாலும் இதைக் காட்டு. பழைய கிளட்சைப் பற்றியும் எழுத வேண்டும். அதைப் பொருத்தும்போது மிதித்துப் பார்த்தேன், எனக்கே கெட்டியாக இருந்தது. "இவ சமாளிச்சுக்குவா" என்று விட்டுவிட்டேன். அதனால்தான் உன் காலைப் பற்றி என்னால் கேட்க முடியவில்லை.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

அண்ணன்

மார்ச் 19

அண்ணனுக்கு,

உன் கடிதம் இன்றைக்கு, வியாழக்கிழமை வந்தது. டிராயரில் இருந்ததையும் இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு இரண்டின் தேதியையும் பார். பார்த்துவிட்டு அழாதே, எனக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை.

பெட்டி பிழைத்துவிட்டது. இரண்டு பிளேட் மாற்றி, உள்ளே இரண்டு தடவை கழுவி, சிவப்பு எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். இருபத்திரண்டாம் தேதி வண்டி என் கைக்கு வரும்.

மன்னிப்பு எனக்கு வேண்டாம். வீட்டுக்குள் கேட்கிற மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என்னை நாலு பேர் முன்னால் நொண்டி என்றாய். மேனேஜர் பத்துப் பேர் முன்னால் என்னைக் கடையில் உட்காரச் சொன்னார். பதினாலு பேர் ஆயிற்று. நீ பேச வேண்டியது அங்கே.

இருபத்தைந்தாம் தேதி காலை ஏழு மணிக்குக் குடோனுக்கு வந்துவிடு. எண்ணெய்க் கேன் கொண்டு வராதே. ஸ்பேனரும் வேண்டாம். அடியில் படுக்க அட்டையும் வேண்டாம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள், மேலே ஏறிக் காட்டுகிறேன்.

குண்டூசி

மார்ச் 21

குண்டூசிக்கு,

வருகிறேன்.

முற்றத்தில் என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். அண்ணி படித்துவிட்டு, "இது வண்டியப் பத்தி ரெண்டு பக்கம் இருக்கு, நீங்க பண்ணதப் பத்தி அரை வரி இருக்கு," என்றாள். அதையும் கிழித்துவிட்டேன். அங்கே வந்து வாயில் வருவதைச் சொல்கிறேன்.

கிளட்ச் வண்டிதான் வண்டி என்று இப்போதும் சொல்வேன். அதை மாற்றிக்கொள்ளச் சொல்லாதே.

அண்ணன்

மார்ச் 28

அண்ணனுக்கு,

நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன், நீ குறுக்கே பேசுவாய்.

முற்றத்தில் நீ நன்றாகப் பேசினாய். இருமி இருமித் தொண்டையைச் செருமிக்கொண்டே, "சார், தப்பு வண்டியில இல்ல, இந்தக் கையில. மெக்கானிக் நான், இவ அண்ணன். தெரியாத வண்டியில தெரிஞ்ச மாதிரி எண்ணெய ஊத்திட்டேன். ஓட்டத் தெரிஞ்சவ இவதான்" என்று கையைத் தூக்கிக் காட்டினாயே, லோடு ஆட்கள் சுமையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார்கள். மேனேஜர், "சரி, இன்னிக்கு ஒரு நடை பாத்துட்டு சொல்றேன்," என்றார். நேற்று மூன்றாவது நடை முடிந்தது. அவர் இன்னும் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வருஷ லோடு பட்டியலில் என் வண்டி எண்ணை எழுதிவிட்டார்.

நீ சொல்லச் சொன்னாய் என்று அண்ணி ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். பலகையைக் கழற்றப் போகிறாயாம். கழற்றாதே. நீ ஆட்டோ கியரில் கை வைக்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. முதலில் புத்தகத்தைத் திறக்கப் பழகு, அப்புறம் பார்க்கலாம்.

மேலே ஏறும்போது நான் ரோட்டை மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் உன் இடது கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. நாலாவது வளைவில், போன தடவை நான் நின்ற அதே இடத்தில், இரண்டு காலாலும் மிதித்தாய். லீவரை இரண்டில் தள்ளினேன். ஏறிவிட்டது. டாஷ்போர்டில் வைத்திருந்த டம்ளரை நீ மூன்று தடவை எட்டிப் பார்த்தாய், அதையும் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினதும் நீ ஒன்று கேட்டாய். கண்ணாடி இறக்குகிற சத்தத்தில் எனக்குக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அப்போது பதில் சொல்லியிருந்தால் என் குரல் உடைந்திருக்கும், லோடு ஆட்கள் முன்னால் அது எனக்குத் தேவையில்லை.

"கால் வலிக்குதா?" என்று கேட்டாய். டாக்டர் சொன்னதை நான் உன்னிடம் சொல்லி எட்டு மாதத்துக்கு அப்புறம், முதல் தடவையாக.

வலிக்கவில்லை அண்ணா. அதற்குத்தான் இந்த வண்டியை வாங்கினேன்.

குண்டூசி